இரண்டு சட்டை போதும் என்கிற மகன், பேசாமல் இருக்கிற அப்பா

கேள்வி:

மேடம், நாங்கள் திருப்பூர். கணவர் சிறியதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார், முழுக்க ஜாப் ஒர்க்தான். ஒரே பையன், பிளஸ் ஒன் படிக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் தமிழ் வகுப்பில் புறநானூற்றுப் பாட்டு ஒன்று நடத்தியிருக்கிறார்கள். 'உண்பது நாழி, உடுப்பவை இரண்டே' என்று அதில் வருமாம். 'உங்கள் பீரோவில் எத்தனை துணி இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இவன் எண்ணியதில் 63 வந்தது. அன்றைக்குப் பிடித்தது. யூனிஃபார்ம் போக இரண்டு செட்டை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மூட்டை கட்டி, கம்பெனி ரூமில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்ப் பையன்களிடம் கொடுத்துவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு அவன் அப்பா தன் கையால் தைத்த சின்னச் சட்டை ஒன்றை பீரோ அடியில் எடுத்து வைத்திருந்தோம். அதுவும் மூட்டையோடு போய்விட்டது. இப்போது ஏசி அறையில் படுப்பதில்லை, மொட்டை மாடியில் பாய் போட்டுக்கொள்கிறான். புது ஃபோன் வேண்டாம் என்கிறான். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறான், சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போகிறான், மார்க்கும் குறையவில்லை.

தீபாவளிக்கு அவர் துணி எடுத்துவந்தார். 'வேண்டாம்ப்பா, இருக்கிறதே போதும்' என்றான். என் கணவர் இவன் வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாக, வேலைக்குச் சேர்ந்தவர். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு கட்டிங் டேபிளுக்கு அடியிலேயே படுத்துத் தூங்கியவர். 'ரெண்டு சட்டையோட இந்த ஊருக்கு வந்தவன் நான். உனக்கு அது பாட்டு, எனக்கு அது பொழப்பு' என்று எழுந்து போனவர், 18 நாளாக அவனோடு பேசவில்லை. இவனோ, 'காந்தி மதுரையில் சட்டையைக் கழற்றவில்லையா?' என்று என்னிடம் கேட்கிறான். சாமியாராகப் போய்விடுவானோ என்று மாமியார் அழுகிறார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அந்த ஆசிரியரைப் பற்றிப் பள்ளியில் புகார் கொடுக்கலாமா? எனக்கு இரண்டு பக்கமும் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டரைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் இல்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறான். தூங்குகிறான். விளையாடப் போகிறான். படிப்பு ஓடுகிறது. 16 வயதில் ஒரு நல்ல விஷயம் மனதில் பட்டால் பிள்ளைகள் அதைப் பாதி அளவில் செய்ய மாட்டார்கள், ஒரே பாய்ச்சல்தான். 'இவ்வளவு நாள் நான் எப்படி இருந்தேன், இனி எப்படி இருக்க வேண்டும்' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற வயது அது. உங்கள் மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் சத்தமாக.

ஆனாலும் சிலவற்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பல வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். அவளும் இதே மாதிரிதான் ஆரம்பித்தாளாம், நகை வேண்டாம், புதுத் துணி வேண்டாம் என்று. மதிய வேளையில் என் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். இரண்டு இட்லி இருந்தது. ஒன்றை எடுத்து மூடியில் ஒதுக்கினாள். மற்றதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து வரிசையாக அடுக்கினாள். நான்கு துண்டு சாப்பிட்டதும் கையைக் கழுவ எழுந்துவிட்டாள். 'எத்தனையோ பேர் பட்டினி கிடக்கிறார்கள் மேடம்' என்றாள். கையைத் தூக்கியபோது அவள் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. அவள் சொன்ன காரணம் உயர்ந்ததுதான். அந்த உயர்ந்த காரணத்துக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்துகொண்டிருந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். தேறி வர எட்டு மாதம் பிடித்தது.

அதனால் சொல்கிறேன். சாப்பாட்டு அளவு குறைந்தாலோ, எடை இறங்கினாலோ, ராத்திரி தூங்காமலே பகலில் களைப்பில்லாமல் பரபரவென்று திரிந்தாலோ, நண்பர்களை விட்டு ஒதுங்கினாலோ, 'நான் இருந்து என்ன ஆகப்போகிறது' என்கிற மாதிரிப் பேசினாலோ தாமதிக்காதீர்கள். தனக்கு உயிரான பொருள்களை ஒவ்வொருவரிடமாகக் கொடுத்து விடைபெறுகிற மாதிரிப் பேசுவதும் அப்படிப்பட்ட அறிகுறிதான். உடனே அழைத்துப் போக வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறி எதுவும் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் எழுதினேன்.

சரி, அந்தப் பாட்டுக்கு வருவோம். நான் தமிழ் படித்துவிட்டு அப்புறம் உளவியலுக்கு வந்தவள். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டைக்கு மருந்து அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

புறநானூற்றில் 189ஆம் பாட்டு. மொத்தமே எட்டு வரி. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்து வாத்தியார் மகன் பாடியதை இந்தக் காலத்து வாத்தியார் ஒருவர் வகுப்பில் நடத்தியிருக்கிறார். பாட்டில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன், கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் வேறு யாருக்கும் பங்கில்லாமல் வெண்கொற்றக் குடைக்கீழ் ஆளுகிற அரசன். இன்னொருவன் படிப்பில்லாதவன். நடுராத்திரியிலும் தூங்காமல், பகலிலும் தூங்காமல், விரைந்தோடும் விலங்குக்காகக் காத்துக் கிடக்கிற வேடன். இருவருக்கும் சாப்பாடு ஒரு நாழிதான், உடுப்பது இரண்டுதான், மற்றதெல்லாமும் அப்படித்தான் என்கிறார் நக்கீரனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு என்றால் இரண்டு செட் என்று உங்கள் மகன் எடுத்துக்கொண்டான். அது இல்லை. இடுப்பில் கட்ட ஒன்று, மேலே போட ஒன்று, அதுதான் இரண்டு. எப்பேர்ப்பட்ட அரசனாக இருந்தாலும் ஒரு நேரத்தில் அவன் உடம்பு தாங்குவது அவ்வளவுதான். பத்துக் களஞ்சியம் நெல் வைத்திருந்தாலும் வயிறு கொள்வது ஒரு படிதான். உடம்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்று சொல்கிறாரே தவிர, இரண்டுக்கு மேல் வைத்திருக்காதே என்று அவர் எந்த வரியிலும் சொல்லவில்லை.

பிறகு ஏன் இந்தக் கணக்கைச் சொன்னார்? கடைசி இரண்டு வரிக்காகத்தான். 'செல்வத்துப் பயனே ஈதல். துய்ப்பேம் எனினே தப்புந பலவே.' செல்வத்தால் ஆகிற பயன் கொடுப்பதுதான். நாமே அனுபவித்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தால் கைதவறிப் போகிறவை நிறைய. நீயாகச் சாப்பிட்டு, நீயாக உடுத்தித் தீர்க்க முடியாத அளவுக்கு உன்னிடம் இருக்கிறதே, மிச்சத்தை என்ன செய்யப்போகிறாய் என்று வசதி உள்ளவனைப் பார்த்துக் கேட்கிற பாட்டு இது. இதில் துறவு எங்கே இருக்கிறது? கையில் இருந்தால்தானே கொடுக்க முடியும்? மாமியாரிடம் சொல்லுங்கள், இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு யாரும் சாமியாராகப் போக முடியாது. ஔவையாரின் நல்வழியில் 'உண்பது நாழி உடுப்பது நான்கு முழம், எண்பது கோடி நினைந்து எண்ணுவன' என்று ஒரு வெண்பா உண்டு. அந்தக் காலத்தில் அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கலாம். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நாழிக் கணக்குத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அழுகை நின்றுவிடும்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த மூன்றாவது வரியைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். 'நடுநாள் யாமத்தும் பகலும் துஞ்சான்.' ராத்திரியும் தூங்கவில்லை, பகலிலும் தூங்கவில்லை. ஒன்றரை ஷிஃப்ட் முடித்து கட்டிங் டேபிளுக்கு அடியில் முடங்கிய பையன் அவன்தானே? உங்கள் கணவர் அந்தப் பாட்டுக்கு வெளியே நின்று கோபப்படுகிறார், ஆனால் பாட்டில் வருகிற வேடன் அவர்தான். மகனுக்கு இது தோன்றவில்லை. 63 துணியை எண்ணிய பையன் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டான்.

கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கோபம் துணியை வேண்டாம் என்றதற்கு வந்த கோபம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டே சட்டையோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும், ஐப்பசி மழையில் முதல் நாள் துவைத்தது காயாது, அடுத்த நாள் காலையில் அதே ஈரத்தோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். உடம்புச் சூட்டில் அது காய்கிறவரைக்கும் ஒரு வாடை அடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர் நகர்ந்து நின்றால், அந்த வாடைக்காகத்தான் நகர்ந்தாரோ என்று மனம் கூசும். எனக்கும் அது தெரியும், அதனால் எழுதுகிறேன். அப்படி வந்த ஒருவர் ஏசி வாங்குவதும், பையனுக்குப் பீரோ நிறையத் துணி எடுப்பதும் சொகுசுக்காக மட்டும் இல்லை. அந்த வாடை இனி இந்த வீட்டுக்குள் வராது என்று அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கையெழுத்து அது. அதை மகன் மூட்டை கட்டி வெளியே கொடுத்ததும் அடிபட்டுப்போனார். அதோடு, அவர் செய்வதே துணி வியாபாரம். ஊர் முழுக்க 'இரண்டு போதும்' என்று சொல்ல ஆரம்பித்தால் கம்பெனியில் மெஷின் ஓடுமா என்று அவர் மனதுக்குள் கேட்டிருப்பார். வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.

அது நியாயமான கேள்விதான். 'இத்தனை துணி எதற்கு' என்று மகன் கேட்பதும் நியாயமான கேள்விதான், அதுவும் சாயக்கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆறு ஓடுகிற ஊரில். 2011 ஜனவரியில் சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்திருப்பான். அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, வேலை இருந்ததா, வாடகை எப்படிக் கொடுத்தீர்கள் என்று அவனுக்குத் தெரியுமா? யாராவது சொன்னீர்களா? பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று நாம் மறைத்துவிடுகிறோம். பிறகு, இவர்களுக்குக் கஷ்டமே தெரியவில்லை என்று குறைப்படுகிறோம். தங்கள் பழைய கதையைப் பிள்ளையிடம் ஒரு தடவையாவது முழுசாகச் சொன்ன அப்பாக்களை நான் ரொம்பக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். சொல்ல ஆரம்பித்தால் அது அறிவுரையாக மாறிவிடும், பையன் எழுந்து போய்விடுவான்.

அதனால் பேச்சில் தொடங்காதீர்கள், வேலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரத்தில் மகனைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். 'ஒரு டீஷர்ட்டை நானே தைத்துப் பார்க்க வேண்டும், சொல்லிக்கொடுங்கப்பா' என்று அவனே கேட்கட்டும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தோளைச் சேர்க்கட்டும், கழுத்துக்கு ரிப் பட்டி வைக்கட்டும். முதல் கழுத்து நிச்சயம் சுருங்கும். 63 என்று எண்ணியவன், அந்த 63இல் ஒன்று எத்தனை கை மாறி வருகிறது என்பதையும் எண்ணட்டும். நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று போகிறது இல்லையா. கைமடிக்கு நிற்கிற ஆள் ஒரு நாளில் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறார் என்று அவன் அப்பா அங்கே நின்றுகொண்டுதான் சொல்வார். ஹாலில் சோபாவில் உட்கார்ந்து சொல்ல மாட்டார். 18 நாள் மௌனத்தை உடைக்க 'பேசுங்கள்' என்று சொல்வதைவிட 'சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்பது எளிது. எந்த அப்பாவுக்கும் அதை மறுக்க மனம் வராது.

இனி வருவது உங்கள் மகனுக்கு. இந்தப் பக்கத்தை அவனிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

தம்பி, பெரும்பாலான பேர் அந்தப் பாட்டைப் படித்து, ஆசிரியர் குறிப்பை மனப்பாடம் செய்து, மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ போய் பீரோவைத் திறந்தாய். அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன், மனசாரச் சொல்கிறேன். நூற்றாண்டுகளாக ஏட்டில் கிடந்து, 1894இல் உ.வே.சாமிநாதையர் கையால் அச்சுக்கு வந்த ஒரு பாட்டு, திருப்பூரில் ஒரு பையனைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்றால் அது சின்ன விஷயமா?

ஆனால் நீ செய்ததில் ஒரு குறை இருக்கிறது. டீஷர்ட் தைக்கிறவர்களுக்கு நீ டீஷர்ட் கொடுத்திருக்கிறாய். அவர்கள் கையில் தினமும் நூற்றுக்கணக்கில் புரள்வது அதுதான். அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டாயா? கம்பெனி ரூமுக்குள் போயிருக்கிறாயா? எத்தனை பேர் படுக்கிறார்கள், எத்தனை ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் எப்போது வருகிறது, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் யார் கூடப் போய்த் தமிழில் சொல்கிறார்கள்? பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட, அதிலிருந்து ஆறாம் நாள் வருகிற சட் பூஜைதான் பெரிது. அதற்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்று கேட்டுப்பார். நீ ஏசியை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனாய். உன் அறை காலியாகக் கிடக்கிறது. அதனால் அந்த ரூமுக்குக் காற்று வந்ததா? நீ ஒன்றை விடுவதும், அது இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்வதும் வேறு வேறு. உன் பாட்டு கேட்பது இரண்டாவதை. 'ஈதல்' என்றுதான் இருக்கிறது, 'விடுதல்' என்று இல்லை.

காந்தியைப் பற்றிக் கேட்டாயாம். 1921 செப்டம்பர் 22, மதுரை. அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 52 வயது. திடீரென்று தோன்றிக் கழற்றவில்லை. அந்நியத் துணியை விடுங்கள், கதர் கட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். கதர் வாங்க எங்களிடம் காசில்லை என்று ஏழைகள் சொன்னார்கள். அப்படியானால் இடுப்புத் துணி அளவுக்குக் கட்டினால் போதும் என்று அவர்களிடம் சொல்வதற்கு, முதலில் தானே அப்படி நிற்க வேண்டும் என்று நினைத்தார். அவர் சட்டையைக் கழற்றியதற்கும் எதிரில் நின்ற ஆளுக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருந்தது. அப்புறம் இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை: அக்டோபர் 31 வரைக்கும் என்று ஒரு கெடு வைத்துத்தான் ஆரம்பித்தார். உடம்புக்குத் தேவைப்பட்டால் போர்த்திக்கொள்ளத் துண்டு வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். செய்து பார்த்த பிறகுதான் அது வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

நீயும் அப்படி ஒரு கெடு வை. பொங்கல் வரைக்கும் என்று வைத்துக்கொள். அதுவரை உனக்குச் சரியென்று படுகிற எளிமையில் இரு. பொங்கலன்று உட்கார்ந்து, எது மனசுக்கு உண்மையாகப் பட்டது, எது வீம்புக்காகச் செய்தது என்று நீயே எழுதிப் பார். இதற்கிடையில் புது ஃபோனுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பங்கை அந்த ரூமுக்குச் செலவிடலாமா என்று அப்பாவிடம் கேள். கேட்டுச் செய். அப்பா சம்பாதித்து வாங்கிய பொருளை அவருக்குத் தெரியாமல் தூக்கிக் கொடுப்பதில் உன் ஈகை எங்கே இருக்கிறது?

கொடுப்பதில் வருகிற சந்தோஷத்தை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் எலிசபெத் டன் என்கிற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனையை சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்தார்கள். பாதிப் பேர் தங்களுக்கே செலவழிக்க வேண்டும், மீதிப் பேர் வேறு யாருக்காவது. சாயங்காலம் கேட்டபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5ஆ 20ஆ என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. 'தப்புந பலவே' என்று நக்கீரனார் சொன்னாரே, அனுபவித்தே தீர்ப்பேன் என்று நிற்பவன் தவறவிடுகிறவற்றில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

சகோதரி, மறுபடியும் உங்களிடம் வருகிறேன்.

ஆசிரியரைப் பற்றிப் புகார் கொடுக்காதீர்கள். தயவுசெய்து வேண்டாம். புகார் போனால் அடுத்த வருடம் அவர் அந்தப் பாட்டைப் பொருள் எழுதிப்போட்டு முடித்துவிடுவார், பீரோவை எண்ணச் சொல்ல மாட்டார். எத்தனை பிள்ளைகளுக்கு நஷ்டம் பாருங்கள். நேரில் போய் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். 'கடைசி இரண்டு வரியை மட்டும் இன்னொரு வகுப்பு எடுத்துப் பேசுங்கள் ஐயா' என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு செய்வார். தான் நடத்திய பாட்டு ஒரு வீட்டுக்குள் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்கக் கொடுத்துவைத்த ஆசிரியர்கள் அதிகம் பேர் இல்லை.

மொட்டை மாடியைப் பொறுத்தவரை, படுக்கட்டும். ஆனால் மழைக்காலம், டெங்குக் கொசு வேறு. கொசுவலை கட்டிக்கொள்ள வேண்டும், மழை வந்தால் ஹாலுக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஏசியில் படுத்தால்தான் ஆயிற்று என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். இரண்டு பக்கமும் தூது போவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். 'அப்பா என்ன சொன்னார்' என்று மகன் கேட்டால், 'நீயே போய்க் கேள் சாமி' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நீங்கள் நடுவில் நிற்கிறவரைக்கும் அவர்கள் இருவருக்கும் நேராகப் பேச வேண்டிய அவசியமே வராது.

தீபாவளித் துணியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பீரோவில் வையுங்கள், போடு என்றும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கம்பெனிக்குப் போய் வந்த பிறகு அவனே எடுத்துப் போட்டாலும் போடுவான். பொங்கல் வரை அது அங்கேயே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தச் சின்னச் சட்டை ஒன்று பாக்கி இருக்கிறது. அது என்ன சட்டை என்று அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மூன்று வயதுச் சட்டை தனக்கு எதற்கு என்றுதான் மூட்டையில் போட்டிருப்பான். திட்டாமல், யார் தைத்தது, எந்த வருடம், எந்த மெஷினில் என்று மட்டும் சொல்லுங்கள். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவனே போய் விசாரித்துவிட்டு வரட்டும். ஒருவேளை ஊரில் இருக்கிற ஒரு குழந்தைக்கென்று யாராவது பெட்டியில் மடித்து வைத்திருக்கலாம். கண்டுபிடித்து வந்தபின், திரும்ப வாங்குவதா, அங்கேயே இருக்கட்டுமா என்று அவன் தன் அப்பாவிடம் கேட்கட்டும். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.